ரோஜாவின் ஓரம் எங்கே முடிகிறது?

பாகலூர், பேரிகை, தளி என ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்கள் பிப்ரவரி 14-ஐக் குறிவைத்தே இயங்குபவை. 'தாஜ்மகால்' ரகச் சிவப்பு ரோஜாக்கள் இங்கிருந்து வெளிநாடுகளுக்குக் கிளம்புகின்றன. அந்தப் பூவை வீடியோ எடுத்து, "இலை அப்படியே இருக்கட்டும், பூ மட்டும் இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று ஒரு எடிட்டரிடம் கேட்டுப்பாருங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான்.

டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் அவர் பூவின் சிவப்பைத் தொட்டுத் தேர்ந்தெடுப்பார். அந்தத் தேர்வுக்குப் பெயர் மாஸ்க். அதற்குள் அகப்பட்டது மட்டுமே நிறம் மாறும். சிவப்பை ஏற்றியதும் இதழின் விளிம்பு பல்லுப்பல்லாக உடைகிறது. இலை ஓரத்தில் சிவப்பு கசிகிறது. வீடியோவை ஓடவிட்டால் அந்த ஓரம் துடிக்கிறது. பழி மென்பொருள் தலையில் விழும். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, கேமராவுக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும்.

நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கறார் இல்லை. வாசலில் போடும் வண்ணக் கோலம் இதற்கு நல்ல உதாரணம்: வெள்ளைக் கோடு மெல்லியதாக, துல்லியமாக இருந்தால் போதும், உள்ளே தூவிய பொடி கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் யாரும் குறை சொல்வதில்லை. இந்தச் சலுகையை வீடியோத் தொழில்நுட்பம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. செல்போன்களும் பல கேமராக்களும் பதிவு செய்யும் 4:2:0 முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி வெளிச்ச அளவு உண்டு. நிறமோ நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றுதான். அதாவது 3840 x 2160 பிக்சல் கொண்ட 4கே வீடியோவில் நிறத் தகவல் 1920 x 1080 அளவுக்கே இருக்கிறது. பார்ப்பதற்கு இது போதும். மாஸ்க் போடும்போது நாம் கேட்பது வேறு: பொடியைப் பார்த்துக் கோட்டைக் கண்டுபிடி என்கிறோம்.

அதிலும் பச்சைமேல் சிவப்பு வந்தால் சிக்கல் இரட்டிப்பு. எச்டி வீடியோவின் வெளிச்சக் கணக்கில் பச்சைக்கு 0.7152 பங்கு, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722. அடர்சிவப்பு இதழும் கரும்பச்சை இலையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும், இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாக வந்து நிற்கக்கூடும். அப்போது நிறம் ஒன்றே துப்பு. அதுவோ முக்கால்வாசி தொலைந்த துப்பு. வெள்ளைச் சாமந்தியை இதே இலைமேல் வைத்தால் வெளிச்சத்தை வைத்தே மாஸ்க் போட்டுவிடலாம். ஓரமும் சுத்தமாக வரும்.

ஓரம் என்பதைக் கோடு என்று நினைப்பதும் பிசகு. விளிம்பிலுள்ள பிக்சலில் பாதி இதழ், பாதி இலை இருக்கலாம். அதற்கு 'உள்ளே', 'வெளியே' என்ற இரண்டே விடை போதாது. பின்னத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். லூகாஸ்ஃபிலிம் பட நிறுவனத்தில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இந்தப் பின்னக் கணக்குக்கு முழுமையான விதிகளை எழுதியது 1984-ல். இன்றைய மென்பொருள்களின் அடிப்படை அதுதான்.

கணினி வரும் முன்பே நம் பக்கத்தில் இந்த வித்தை உண்டு. ஓசூர் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1940-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. இரட்டை வேடத்துக்கு அக்காலக் கேமராமேன்களின் வழி மாஸ்க் ஷாட்: லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் எடுப்பது. மறைப்பு லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் ஃபோகஸில் விழாது. அதன் ஓரம் தானாகவே மெதுவாக மங்கும். இன்று மென்பொருளில் 'ஃபெதர்' என்று நாம் இழுக்கும் அளவுகோல் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஃபெதரைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவு மீறினால் பூவைச் சுற்றி ஒளிவட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் படத்தின் இரைச்சலைக் குறைத்து, பூவைச் சுற்றித் தாராளமாக ஒரு விண்டோ (எல்லை வடிவம்) போட்டு, அதற்குள் மட்டும் சிவப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாஸ்க்கைக் கறுப்பு-வெள்ளையில் பார்த்து, ஓட்டைகளை அடைத்து, ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, பிறகே மங்கவிட வேண்டும். இதைவிட எளிய வழியும் உண்டு: பூவைத் தொடாமல் பச்சையின் செறிவைக் குறைத்துவிடுங்கள். பக்கத்துப் பச்சை அடங்கினாலே சிவப்பு தூக்கலாகத் தெரியும்.

ஓசூரின் இன்னொரு விளைச்சலான இருசக்கர வாகனத்தைப் படமெடுத்தால் தலைவலி வேறு மாதிரி. பளபளக்கும் டேங்கில் சுற்றியுள்ளதெல்லாம் பிரதிபலிக்கும். மாஸ்க் அதையும் சேர்த்துப் பிடிக்கும். படமெடுக்கும் ஷெட்டின் விளக்குகளும் சும்மா இருப்பதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/60 நொடியில் இருந்தால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறக்கூடும், மாஸ்க்கும் ஆடும். 1/50 அல்லது 1/100 வைத்தால் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

"கடைசியில் யூடியூபில் ஏற்றும்போது எப்படியும் 4:2:0 தானே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் மாஸ்க் போட்டு முடித்த பிறகு நேரும் அந்த இழப்பைக் கண் மன்னிக்கும், முன்பே நேர்ந்த இழப்பை மாஸ்க் மன்னிக்காது. ஆகவே உங்கள் கேமராவில் நிறத் தகவலைக் கூடுதலாகப் பதியும் 4:2:2, 10 பிட் என்ற தேர்வு இருந்தால், நிறத்தில் கைவைக்கப்போகும் காட்சிகளையாவது அதில் எடுங்கள். மெமரி கார்டு கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.