நிலக்காட்சி ஓவியமும் அதன் உரிப்பொருளும்

இயற்கைக் காட்சி ஓவியத்தைக் கண்டால், “அழகாக இருக்கிறது” என்று கூறி அப்பால் செல்வது நம்மில் பலருக்கு இயல்பு. ஆயின் செய்யுளைப் போலவே ஓவியத்திற்கும் பொருளுண்டு. நாம் நன்கறிந்த முதல், கரு, உரி என்னும் பகுப்பைக் கொண்டே அதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1863இல் தீட்டிய ‘ராக்கி மலைகள், லேண்டர் சிகரம்’ என்னும் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 6 அடி உயரமும் 10 அடி அகலமும் உடைய இவ்வோவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பியர்ஸ்டாட், 1859இல் லேண்டர் என்பாரின் சாலை அளவைக் குழுவுடன் மேற்கே சென்றார். அங்கு வரைந்த சிறு படங்களைக் கொண்டு, பின்னர் நியூயார்க்கில் இதனைத் தீட்டினார். ஆகவே இது கண்டதைக் கண்டவாறே காட்டுவதன்று, தேர்ந்து தொடுக்கப்பட்டது.

பனி மூடிய சிகரமும் ஏரியும் அருவியும் இதன் முதற்பொருள். ஒளி அருவியின்மேல் விழுவதால் நம் கண் முதலில் அங்கேயே செல்கிறது. முன்புறத்தில் ஷோஷோனிப் பழங்குடியினரின் கூடாரங்களும் குதிரைகளும் வேட்டைப் பொருள்களும் காணப்படுகின்றன.

இனி, உரிப்பொருள் யாது? வியப்பு எனலாம். ஆயின் அது யாருடைய வியப்பு? படத்திலுள்ள ஷோஷோனியரின் உள்ளம் நமக்குப் புலப்படவில்லை. மரமும் மாவும் போல அவர்களும் கருப்பொருளாகவே நிற்கின்றனர். வியப்போ, படத்தின் முன் நிற்கும் கிழக்கு நகரத்தாருடையது. அவர்கள் கண்ணுக்கு இந்நிலம் வருக என்று அழைப்பதுபோல் விரிந்து கிடக்கிறது.

காலத்தையும் நோக்குவோம். குடியேறுவோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கும் சட்டம் 1862இல் பிறந்தது. அவ்வாண்டில் மறைந்த லேண்டரின் பெயரையே பியர்ஸ்டாட் சிகரத்திற்குச் சூட்டினார். ஷோஷோனியர் வாழ்ந்த மலைக்கு, குடியேறுவோருக்குச் சாலை அமைத்தவர் பெயர்! 1863 சனவரி 29ஆம் நாள், இன்றைய ஐடஹோ மாநிலத்தின் பேர் ஆற்றங்கரையில், அவ்வினத்தின் வடமேற்குப் பிரிவினர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, படையினரால் கொல்லப்பட்டனர். அமைதி தவழும் இவ்வோவியமும் அவ்வாண்டினதே. 1865இல் இது 25,000 டாலருக்கு விலைபோயிற்று.

ஓவியத்தின் அழகை மறுக்க வேண்டுவதில்லை. மாணவர்க்கு இதனைக் காட்டும் ஆசிரியர், “இங்கு வாழ்வோர் யாவர்? வியப்போர் யாவர்?” என்னும் இரு வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும்.