தோல் பதனிடுகிறவன் வீட்டில் பேதுரு

சென்னையை ஒட்டிய குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வரக் காரணம் ஒரு தோல் தொழிற்சாலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. பக்கத்துப் பல்லாவரமும் நாகல்கேணியும் இன்றுவரை டேனரிகளுக்குப் பேர்போனவை. பச்சைத்தோலை உப்பிலிருந்து எடுத்து, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சதையும் போகச் சுரண்டுகிற வேலையில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அந்த நாற்றத்தைச் சாக்காக வைத்தே ஊர் அவர்களை எட்ட நிறுத்தியது. இதே வட்டாரத்தில், தாம்பரம்வரை தெருவுக்குத் தெரு சபைகள் உண்டு. ஞாயிறுதோறும் வேதாகமத்தோடு போகிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வேதத்தின்படி அன்றாடம் நடப்பது எப்படி என்று கேட்கும்போது பிரசங்கங்கள் பெரும்பாலும் ஜெபம், உபவாசம், காணிக்கை, கெட்ட பழக்கங்களை விடுதல் என்ற வட்டத்துக்குள் நின்றுவிடுகின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால், ஒருவன் விசுவாசி என்பது முதலில் தெரியவேண்டிய இடம் அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதில் என்று வேதாகமமே சொல்வதாக நான் வாசிக்கிறேன். அதற்கான ஆதாரம் ஒரு டேனரிக்காரர் வீட்டிலிருந்து தொடங்குகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனம், பேதுரு யோப்பாவில் சீமோன் என்ற தோல் பதனிடுகிறவன் வீட்டில் பல நாள் தங்கியிருந்ததைச் சொல்கிறது. வேகமாக வாசிக்கிறவர் தாண்டிப் போய்விடக்கூடிய வரி. ஆனால் நூலை எழுதிய லூக்கா அந்தத் தொழிலை அடுத்த அதிகாரத்திலும் சொல்கிறார், வீடு கடலோரத்தில் இருந்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார். யூத சமூகத்தில் அந்தத் தொழில் எப்படிப் பார்க்கப்பட்டது என்பது மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது: தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழமாவது தள்ளியிருக்க வேண்டும், அதுவும் ஊருக்குக் கிழக்கே மட்டும், தோல் பதனிடுகிறவனின் மனைவி அந்தத் தொழிலைக் காரணமாகக் காட்டியே மணவிலக்குக் கேட்கலாம். லேவியராகமமோ செத்த மிருகத்தின் உடலைத் தொட்டவன் மாலைவரை தீட்டு என்கிறது. இப்படிப்பட்ட வீட்டின் மாடியில் ஜெபம்பண்ணும்போதுதான் பேதுருவுக்கு எது சுத்தமான உணவு, எது அசுத்தம் என்பது பற்றிய தரிசனம் கிடைக்கிறது. அந்தத் தரிசனத்துக்கு அவர் சொன்ன விளக்கம் உணவைப் பற்றியதே அல்ல. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாது எனக் கற்றுக்கொண்டதாக, ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டுக்குள் நின்று சொல்கிறார்.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் வரும். மனிதன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தால், கிரியைகளால் அல்ல. சமூக நடத்தையை இவ்வளவு தூக்கிப் பிடிப்பது சுவிசேஷத்தைச் சீர்திருத்த இயக்கமாகச் சுருக்கிவிடாதா? பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபமே இதற்குச் சரியான பதில். விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவதைப் பற்றி அதைவிட அழுத்தமாகப் பேசும் நிருபம் புதிய ஏற்பாட்டில் அரிது. அந்த வாதத்தைப் பவுல் எங்கிருந்து தொடங்குகிறார் என்று பாருங்கள். அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகிப்போனார். யோப்பாவில் தரிசனம் கண்ட அதே பேதுரு! பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுருவின் கொள்கை மாறிவிட்டதாக அவர் குற்றம்சாட்டவில்லை. நடை சுவிசேஷத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதே குற்றச்சாட்டு. விசுவாசம் வேறு, பந்தி வேறு என்று பிரிக்கிறவர்கள் கலாத்தியரின் இந்த இரண்டாம் அதிகாரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

சாதி வெறும் சமூக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது தமிழகத்துக்கே உரிய எதிர்வாதம். இது பழைய வாதமும்கூட. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டுமென்று உத்தரவிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஜெர்மானிய லூத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் சாதியைச் சமூக அந்தஸ்தாகக் கருதிப் பொறுத்துக்கொண்டது. சபைகள் இப்படிச் சாதியைப் பொறுத்துக்கொண்டதன் பலன் இன்றும் கண்முன் நிற்கிறது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் உயிர் போனது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் தொடர்வதைத் தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. பல பிரிவுச் சபைகள் சேர்ந்து ஒன்றைக் கேட்கின்றன: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையைத் திருத்தி, தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியல் சாதியில் சேர்க்க வேண்டும். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கிடைத்தது அது; நியாயமான கோரிக்கை. ஆனால் மதம் மாறினாலும் சாதி விடுவதில்லை என்று டெல்லியில் வாதாடுகிற சபை, தன் கல்லறைத் தோட்டத்திலும் மணமக்கள் விளம்பரத்திலும் அதையே வெறும் வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

வேதத்திலிருந்து எதையும் நிரூபிக்கலாமே, அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்களும் வசனம் காட்டினார்களே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், மறுக்க முடியாது. அவர்கள் அடிமைகளுக்கான வசனத்தை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் எஜமான்களுக்குச் சொன்னதை விட்டார்கள். ஒநேசிமு என்ற அடிமையை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதியதையும் விட்டார்கள். எளியவனுக்குக் கட்டளையையும் வலியவனுக்குச் சலுகையையும் தேடுகிற வாசிப்பு தவறானது என்பதை அடையாளம் காண இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கூலி விஷயத்திலும் வேதத்தின் கட்டளை வலியவனுக்குத்தான். ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்துச் சட்டம். பிடித்துவைத்த கூலி கடவுள் காதில் கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிற சபையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கு மாதக் கடைசியில் இழுத்தடிக்காமல் சம்பளம் கொடுப்பதும், அவருக்கென்று தனி டம்ளர் வைக்காமலிருப்பதும் இந்த வசனங்களின் நேரடிப் பொருள்.

ஆகவே குரோம்பேட்டை, தாம்பரம் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தையும் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தையும் ஒரே ஞாயிறில் சேர்த்து வாசியுங்கள். நாகல்கேணி டேனரித் தொழிலாளி ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். வீட்டில் பிள்ளைக்கு வரன் தேடுகிறவர்கள் விளம்பரத்திலிருந்து சாதிப் பெயரை எடுத்துவிடுங்கள்.