வீட்டுக் கொட்டகை – 14: ஆஸ்பத்திரியில் கிடைத்த ஜோன்

எந்தப் படம் பார்க்கலாம் என்று கேட்காதீர்கள், எந்தப் பிரதியைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். முதல் வாரத்திலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறேன். போன வாரம் சத்யஜித் ராயின் அப்பு படங்கள் லண்டன் தீயிலிருந்து மீண்ட கதை. படித்தவர்களுக்கு மறந்திருக்காது, மற்றவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த வாரம் யூடியூபில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்வதாக இருந்தேன். குறிப்புகளும் தயார். ஆனால் அவற்றுக்கு முன்னால், வீட்டில் பார்க்கத் தகுந்த நான்கைந்து பிறமொழிப் படங்களை இரண்டிரண்டு பத்தியில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தபோது, முதல் படமே வழிமறித்துக்கொண்டது.

அது, டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியோடர் டிரேயர் 1927-ல் பிரான்சில் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்'. மௌனப் படம். 1431-ல் பிரெஞ்சு வீராங்கனை ஜோன்மீது நடந்த மத விசாரணையின் பதிவேடு இன்றும் இருக்கிறது. கேள்விகளையும் பதில்களையும் டிரேயர் அதிலிருந்தே எடுத்தார். மாதக்கணக்கில் இழுத்த விசாரணையை ஒரே நாளில் நடப்பதுபோல் சுருக்கினார். நடிகர்களுக்கு ஒப்பனை கிடையாது. நீதிபதிகளின் மருக்களும் சுருக்கங்களும் வியர்வையும் அப்படியே தெரியும். படத்தின் பெரும்பகுதி முகங்கள்தான்.

1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதல் காட்சி. பிரான்சில் திருச்சபையும் தணிக்கையும் சேர்ந்து கத்தரித்த பிறகே படம் வெளிவந்தது. அந்த டிசம்பரில் பெர்லினில் உஃபா நிறுவனத்தின் படச்சுருள் கூடத்தில் தீப்பிடித்து, மூல நெகட்டிவ் சாம்பலானது. ஒரே ஷாட்டைப் பலமுறை எடுத்து வைத்திருந்ததால், படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய துண்டுகள் டிரேயரிடம் இருந்தன. அவற்றைக் கோத்து, ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் ஒத்துவரும்படி இரண்டாவது நெகட்டிவ் ஒன்றை உருவாக்கினார். 1929-ல் இன்னொரு தீயில் அதுவும் போனது.

இரண்டு முறையும் ஏன் தீ? அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. தியேட்டர்களில் புரொஜெக்டர் அறையைத் தனியாக, கனத்த சுவரோடு கட்டியதற்குக் காரணம் அதுதான்.

மிஞ்சியவை அங்கங்கே கிடந்த வெட்டுப்பட்ட பிரிண்டுகள். 1951-ல் லோ தூக்கா என்பவர் இரண்டாவது வடிவத்தின் பிரதி ஒன்றைத் தேடியெடுத்து, பாஹ், விவால்டி போன்றோரின் இசையைச் சேர்த்து வெளியிட்டார். டிரேயருக்கு அது பிடிக்கவில்லை. உலகம் பல ஆண்டுகள் பார்த்தது அதைத்தான். தன் படம் தான் வெட்டித் தொகுத்த வடிவில் எங்குமே இல்லை என்ற நினைப்போடுதான் 1968-ல் டிரேயர் இறந்திருப்பார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1981-ல், நார்வேயில் ஆஸ்லோவை அடுத்த டிக்கமார்க் மனநல மருத்துவமனையில், துப்புரவுப் பணியாளரின் சாமான் அறையில் சில படச்சுருள் டப்பாக்கள் அகப்பட்டன. துடைப்பமும் வாளியும் வைக்கிற அறை. டப்பாக்கள் நார்வே திரைப்படக் கழகத்துக்குப் போயின. உள்ளே இருந்தது டிரேயரின் ஜோன். பிரான்சில் கத்தரி விழுவதற்கு முந்தைய முதல் வடிவம், டேனிஷ் தணிக்கை அனுமதியோடு. வேடிக்கை என்னவென்றால் கழகத்தின் அலமாரியிலும் அது மூன்று ஆண்டுகள் தூங்கியது. 1984-ல்தான் முழுமையாகப் பரிசோதித்தார்கள்.

மனநல மருத்துவமனைக்கு அந்தப் படம் போனதற்குக் கடிதமோ ரசீதோ இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் ஒருவர் கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் ஊகம். எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது. ஒரு மருத்துவர், தன் நோயாளிகளுக்கோ சக மருத்துவர்களுக்கோ காட்டுவதற்கு, குரல்கள் கேட்பதாகச் சொன்ன ஒரு பெண்ணின் கதையை வரவழைக்கிறார். காட்டி முடித்ததும் திருப்பி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. திருப்பி அனுப்பியிருந்தால் இன்று நம்மிடம் இந்தப் படம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டி நாடக நடிகை. இதற்குப் பிறகு சினிமாவில் நடிக்கவே இல்லை. சிறைக்குள் ஒரு காட்சி. ஜன்னல் சட்டத்தின் நிழல் தரையில் சிலுவையாக விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து ஜோனின் முகம் மலர்கிறது. அனுதாபி போல நடிக்கும் பாதிரியார் ஒருவர் உள்ளே வருகிறார். அவருடைய காலடியில் அந்தச் சிலுவை மறைந்துபோகிறது. வசனம் தேவைப்படாமலே அவர் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமான இடம் கடைசிப் பகுதியில் வருகிறது. பயத்தில் ஜோன் தன் தவறை ஒப்புக்கொள்ளும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். உயிருக்கு ஆபத்தில்லை. தலையை மழிக்கிறார்கள். தரையில் விழுந்த முடியை ஒருவன் கூட்டித் தள்ளும்போது, அவள் வைக்கோலில் பின்னிய கிரீடமும் முடியோடு சேர்ந்து குப்பையாகப் போகிறது. காவலர்கள் கேலிக்கு அவள் தலையில் மாட்டிவிட்ட அதே கிரீடம். அதைப் பார்க்கும் கண்கள் மாறுகின்றன. நீதிபதிகளைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறாள். ஒரு மனிதர் சாவைத் தேர்ந்தெடுக்கிற நொடியை இவ்வளவு கிட்டத்தில் வேறெந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. மழை பெய்கிற பழைய பிரிண்டில் அந்த வைக்கோல் வெறும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். ஆஸ்லோ பிரதியிலிருந்து எடுத்த புளூரேயில் வைக்கோலின் ஒவ்வொரு தாளும் தெரிகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மௌனப் படங்களின் ஓட்ட வேகம் ஒரே அளவாக இருந்ததில்லை. இந்தப் படத்தை விநாடிக்கு 20 ஃப்ரேம் என்று ஓட்டினால் 97 நிமிடம், 24 என்று ஓட்டினால் 81 நிமிடம். நல்ல புளூரே பதிப்புகளில் இரண்டும் இருக்கின்றன. என் வாக்கு 20-க்குத்தான். 24-ல் கண்ணீர் கன்னத்தில் இறங்குவதற்குள் அடுத்த முகம் வந்துவிடுகிறது.

கோதாரின் 'விவ்ர் சா வீ' (1962) பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஆன்னா கரினா இருட்டுத் தியேட்டரில் உட்கார்ந்து ஜோனைப் பார்த்து அழுவார். மூலப் பிரதி அப்போது ஆஸ்லோவில் துடைப்பங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. குறைபட்ட ஒரு பிரதிக்கே அந்த அழுகை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் போட்டுப் பாருங்கள்.

படப்பெட்டி போய்ச் சேர்கிற கடைசி ஊருக்கு ஒரு மகிமை உண்டு. நம் ஊரிலும் சென்னை, மதுரை எல்லாம் ஓடி, சின்ன டவுன்களில் ஓடி, டென்ட் கொட்டகைக்கு வரும்போது படத்தில் பாதிப் பாட்டு இருக்காது. ஆனால் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ள விநியோகஸ்தர் ஆள் அனுப்பிவிடுவார். கனடாவின் யூகான் பகுதியில் உள்ள டாசன் சிட்டிக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. தங்கம் தேடிப் போனவர்களால் உண்டான ஊர். திருப்பி அனுப்புகிற செலவைக் கணக்குப் பார்த்த கம்பெனிகள் சுருள்களை அங்கேயே விட்டுவிட்டன. சிலவற்றை ஆற்றில் கொட்டினார்கள், சிலவற்றை எரித்தார்கள். மீதியை 1929-ல், பயன்படாத நீச்சல் குளத்தை மூடும்போது மண்ணோடு மண்ணாக நிரப்பினார்கள். 1978-ல் அந்த இடத்தைத் தோண்டிய இயந்திரம் சுருள்களை வெளியே இழுத்துப் போட்டது. உறைபனி நிலம் காப்பாற்றித் தந்தவை 533 சுருள்கள். பில் மாரிசன் இந்தக் கதையை அந்தச் சுருள்களாலேயே சொல்கிற 'டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்' (2016) கட்டாயம் பார்க்க வேண்டிய ஆவணப்படம். ஈரம் தின்ற ஓரங்கள் திரையில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் நீளம்தான். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

ஃபால்கொனெட்டி 1946-ல் இறந்தது அர்ஜென்டினாவின் தலைநகர் புவேனஸ் ஐரஸில். அதே ஊரில்தான் ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) ஏறத்தாழ முழுசாகக் கிடைத்தது. பெர்லினில் முதல் காட்சி முடிந்த சில மாதங்களில் படத்தைப் பெரிதாக வெட்டிவிட்டார்கள். வெட்டாத பிரதி ஒன்று அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியிருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அங்கே ஒரு திரைப்படச் சங்கத்துக்காரர், பழைய 'மெட்ரோபோலிஸ்' பிரிண்டை ஓட்டும்போது அது ஆடாமல் இருக்கப் புரொஜெக்டரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது என்று புலம்பியிருக்கிறார். புலம்பலைக் கேட்ட ஆய்வாளர் ஃபெர்னாந்தோ பேன்யாவுக்குப் பொறி தட்டியது. புழக்கத்தில் இருந்த 'மெட்ரோபோலிஸ்' எதுவும் அவ்வளவு நேரம் ஓடாதே! அந்தப் பிரதியைக் கண்ணால் பார்க்க அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்தார். திரைப்பட அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு பாவ்லா ஃபெலிக்ஸ் டிடியே வந்த பிறகு, 2008-ல், டப்பாவைத் திறந்தார்கள். இழந்த காட்சிகளில் சுமார் 25 நிமிடம் உள்ளே இருந்தது.

இருந்தது 16 எம்.எம். பிரதி. கீறல்களையும் சேர்த்தே நகலெடுத்துவிட்டார்கள். அதனால் 2010-ல் வெளியான பதிப்பில், மீட்ட காட்சி வரும்போதெல்லாம் சட்டம் சற்றுச் சுருங்கி, கோடுகள் சரம்சரமாக இறங்கும். அவை முழுக்க அழியாமல் போனது நல்லதுதான். எது புதிதாக வந்து சேர்ந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரிகிறது. முதலாளியின் ஒற்றனாக வரும் மெலிந்த மனிதன், முந்தைய பதிப்புகளில் எதற்கு வருகிறான் என்றே தெரியாது. இப்போது அவன் ஒரு முழு வில்லன். ஆனாலும் படத்தின் முடிவு இன்றைக்கும் எனக்கு ஒட்டவில்லை. முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கிக்கொள்வதால் எதுவும் தீர்வதில்லை.

ஈரானின் 'செஸ் ஆஃப் தி விண்ட்' (1976) இன்னொரு விதம். முகமது ரேசா அஸ்லானியின் படம். பழைய மாளிகை, சொத்து, சக்கர நாற்காலியில் ஒரு வாரிசுப் பெண், அவளைச் சுற்றிக் கழுகுகள். புரட்சிக்குப் பிறகு படத்துக்குத் தடை வந்தது. நெகட்டிவ் தொலைந்தது என்றே முடிவுகட்டிவிட்டார்கள். 2014-ல் டெஹ்ரானில் ஒரு பழைய சாமான் கடையில் இயக்குநரின் மகன் அதைக் கண்டெடுத்தார். 2020-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்த அறைகள், முற்றத்து நீர்த்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து துணி துவைத்தபடி எஜமானர்களின் வண்டவாளத்தைப் பேசும் பெண்கள். அந்தப் பெண்களுக்காகவே இரண்டாம் முறை பார்த்தேன். அறையின் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கறுப்பு நிறம் சாம்பலாகிவிடும்.

பேய்ப் படம் கேட்டிருந்தவர்களுக்கு: ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). இணையத்தில் எங்கும் இலவசமாகக் கிடைக்கும். காரணம், முதலில் வைத்த தலைப்பை விநியோகஸ்தர்கள் மாற்றியபோது, தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை வாசகமும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வாசகம் இல்லையென்றால் உரிமை இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் போட்டு விற்றார்கள், நகலின் நகலின் நகல் வரைக்கும். அவற்றைத் தொடாதீர்கள். மூல நெகட்டிவிலிருந்து நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016-ல் புதுப்பித்த பிரதியைத் தேடுங்கள். முடிவில் நாயகன் சுடப்பட்ட பிறகு புள்ளி புள்ளியான புகைப்படங்கள் வரும், செய்தித்தாளில் வருவதுபோல. மட்டமான பிரதியில் படம் முழுக்கவே அப்படி இருப்பதால் அந்த மாற்றம் உறைக்காது. தெளிவான பிரதியில், ஒரு கறுப்பின மனிதனின் சாவு திடீரென்று அந்த ஆண்டின் அமெரிக்கச் செய்தியாக மாறுவது நெஞ்சில் அடிக்கும்.

டிவி விஷயம். மேலே சொன்ன பழைய படங்களில் பெரும்பாலானவை சதுரத்துக்கு அருகிலான சட்டத்தில் எடுத்தவை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்பாதீர்கள். ஃபால்கொனெட்டியின் கன்னம் உப்பிப்போகும். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று டிவியில் இருக்கும், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை அணைத்துவிடுங்கள்.

தமிழ்ப் படங்கள் அடுத்த வாரம் நிச்சயம். நம் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் அணை திறந்ததுபோல யூடியூபில் வந்து கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தப் பிரதி யாரிடமிருந்து வருகிறது, எந்தப் பாட்டு அதில் இல்லை என்பதையெல்லாம் விரிவாகப் பார்க்க வேண்டும். உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த 'கல்பனா'விலிருந்து (1948) தொடங்குகிறேன், அது இந்திப் படம்தான் என்றாலும். 2012-ல் புதுப்பிக்கப்பட்டது. இளம் பத்மினி ஆடுகிறார். அதற்குள் ஜோனை ஒருமுறை பார்த்து வையுங்கள், 20 ஃப்ரேம் வேகத்தில்.

(தொடரும்)