கையெழுத்துக்கு முன் நாலு வார்த்தை

விடியும் முன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வாய் திறப்பதில்லை. கேட்டதற்குப் பதில், நீட்டிய தாளில் கைநாட்டு. ஆபரேஷன் என்று வந்துவிட்டால் இந்த மௌனமே ஆபத்து.

முக்கியமாக, தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கக்கூடியவை. ஆபரேஷனுக்காகத் தசைகளைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியின் வேகத்தை உடலில் முறிப்பதும் அந்த வகை நொதிதான். அது குறைந்திருந்தால், சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். மூச்சு தானாக வராது. முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். "மூணு நாளைக்கு முன்னாடி மருந்தடிச்சேன் டாக்டர்" என்று சொன்னால் போதும். காலையில் குடித்த டீயையும் மறைக்காதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

கையெழுத்து உங்களுடையது. பரிசோதனைக்கென்று ஒப்புக்கொண்ட சமீரா கோலி என்ற பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிராபத்து இல்லாத நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16-இல் தீர்ப்பளித்தது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இன்றும் நினைக்கிற வீடுகள் இதைக் கேட்க வேண்டும். எதை எடுக்கிறார்கள், வேறு வழி உண்டா என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

தியேட்டரில் பெயரையும் ஆபரேஷன் இடத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் அதுவும் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பின்பற்றிப் பார்த்தபோது, சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

வீடு திரும்பிய பின் காய்ச்சல், சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108. ஈரப் புண்ணோடு மழையில் காய் எடுக்கப் போகாதீர்கள்.

தவறு நடந்ததாகத் தோன்றினால் சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பணம் கட்டிய சிகிச்சைக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலும் மனுப் போடலாம். அதற்குக் கெடு இரண்டு ஆண்டு.