தாங்குவோரைத் தாங்குவது யார்?

வெள்ளம் வந்து ஊரை மூடும்போதும், போர் மூண்டு குடிகள் சிதறும்போதும், நம் கண் முதலிற் செல்வது அல்லலுற்றோர் மீதே. அஃது இயல்பு, முறையுங்கூட. ஆயின் அந்த அல்லலுற்றோர் நடுவே ஒருவன் அரிசி மூடையைத் தோளிற் சுமந்து நிற்கின்றான். ஒருத்தி கையிற் பெயர்ப்பட்டியலோடு கூடாரந்தோறும் சென்று வருகின்றாள். அவன் உண்டானா, அவள் உறங்கினாளா என்று கேட்பார் எவருமிலர். 'சம்பளம் பெறுகின்றார்கள், வேலை செய்கின்றார்கள்' என்று சொல்லி அப்பாற் செல்வாரும் நம்முட் பலர். நிவாரணப் பணியாளர் எனப்படும் இவர்களுடைய மனநலத்தைப் பற்றியே இன்று சிறிது சிந்திக்க விழைகின்றோம்.

அல்லலுற்றோருக்கு உதவுதல் என்பது மனித குலத்தோடு பிறந்த அறம். அதனை ஒழுங்கான அமைப்பாக்கிய பெருமை ஜெனீவா நகரத்து வணிகரான ஹென்றி டுனான் என்பவரைச் சாரும். 1859ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் திகதி வட இத்தாலியிலுள்ள சொல்பெரினோவில் நிகழ்ந்த பெரும்போரின் பின், கவனிப்பாரின்றிக் கிடந்த காயக்காரரைக் கண்டு அவர் உள்ளம் பதைத்தார். அயலூர்ப் பெண்களைத் திரட்டி, இரு தரப்பு வீரருக்கும் வேறுபாடின்றித் தொண்டு செய்தார். அந்த அனுபவத்தை 1862இல் நூலாக எழுதினார். அதன் பயனாக 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றிற்று. 1901இல் முதன்முதலாக வழங்கப்பட்ட சமாதானத்துக்கான நோபல் பரிசிற் பாதி அவருக்கே கிடைத்தது.

காயமுற்றோருக்குக் கட்டுக் கட்டும் முறை இவ்வாறு உலகெங்கும் பரந்தது. ஆனாற் கட்டுக் கட்டும் கையின் சொந்தக்காரனுக்கும் ஒரு மனம் உண்டு, அந்த மனத்திலும் காயம் படும் என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அதற்கிடையில் தொண்டரென்றால் இரும்பு மனம் படைத்தவர் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அழுபவர் தொண்டுக்குத் தகுதியற்றவர் என்று மேலதிகாரிகள் நினைத்தனர். தொண்டர்களும் அவ்வாறே நம்பித் தம் துயரை விழுங்கிக்கொண்டனர்.

இத்தொழிலில் உயிராபத்து உண்டென்பதை யாவரும் அறிவர். 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆந் திகதி பக்தாத் நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது, அதன் தூதுவர் சேர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் மாண்டனர். அந்நாளையே உலக மனிதாபிமான தினமாக அனுட்டிப்பதென 2008இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தது. நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பிரான்ஸ் தேசத்துத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரிற் கொல்லப்பட்ட கொடுமையை நாம் மறத்தற்கில்லை. மாண்டோருக்கு நினைவுநாள் உண்டு. அவர்களோடு ஒரே மேசையில் உண்டு, ஒரே வாகனத்திற் சென்று, அடுத்த வாரமே மீண்டும் வேலைக்குப் போன தோழருக்கு என்ன உண்டு? அதுவே நம் வினா.

நிவாரணப் பணியாளர் என்றவுடன் வெள்ளைக்காரரையும் அவர்களுடைய வெள்ளை வாகனங்களையும் நினைப்பது நம் வழக்கம். உண்மையில் உலகெங்கும் இப்பணியாளரிற் பெரும்பாலோர் அந்தந்த நாட்டினரே. வெளிநாட்டவர் தவணை முடிந்ததும் விமானமேறுவர். உள்ளூரவர் அங்கேயே இருப்பர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, மறுநாட் காலையிலேயே பிணம் எடுக்கவும் பிள்ளை தேடவும் புறப்பட்டவர்களுட் பலர், தம் வீட்டையும் உறவினரையும் இழந்தவர்கள். வன்னிப் போரின் இறுதிக் காலத்திலோ, நிவாரணம் வழங்கியவரும் பெற்றவரும் ஒரே பதுங்குகுழியிற் கிடந்தனர். பின்னர் ஒரே முகாமில் வரிசையில் நின்றனர். தானும் நோயாளியாயிருந்துகொண்டு பிறருக்கு மருத்துவம் பார்ப்பது போன்றது அந்நிலை.

இதனை ஆய்வுகளும் மெய்ப்பிக்கின்றன. போரின் பின் வடபகுதியிற் பணிபுரிந்த நம் நாட்டு மனிதாபிமானப் பணியாளர் 398 பேரிடம் எடுத்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்து ஆய்வாளரும் அதிற் பங்குகொண்டனர். அப்பணியாளருட் பாதிக்கு மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவின் அறிகுறிகள் இருந்தன. அந்த ஆய்விற் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. தம் நிறுவனம் தமக்கு ஆதரவாயிருந்தது என்று கூறியவரிடம் மனச்சோர்வு குறைவாகவே காணப்பட்டது. அஃதாவது, பட்ட துயரத்தின் அளவு மட்டும் மனத்தின் விதியை முடிவு செய்வதில்லை. துயருற்றவனைச் சுற்றி நின்றவர் நடந்துகொண்ட முறைக்கும் அதிற் பங்குண்டு.

இவர்களை வாட்டுபவை எவை? கண்ட கோரக் காட்சிகள் முதலாவது. ஆனால் அவற்றை விடவும் ஆழமாகத் தைப்பது கையாலாகாமை. முந்நூறு குடும்பங்கள் நிற்கின்றன. கூடாரங்கள் நூறே உள்ளன. எவருக்குக் கொடுப்பது, எவரைத் திருப்பி அனுப்புவது? பட்டியலில் யார் பெயரை வெட்டினானோ, அவர்களுடைய முகங்கள் அவன் கனவில் வரும். மூன்றாவதாக, நாம் அற்பமென்று கருதும் அலுவலகத் தொல்லைகள் உள்ளன. ஆறு மாதத்துக்கொரு முறை முடியும் ஒப்பந்தம், கிடையாத லீவு, நள்ளிரவிற் கேட்கும் அறிக்கை, பாராட்டறியாத மேலதிகாரி ஆகிய இவை நாள்தோறும் சொட்டும் நீர்போற் கல்லையும் குழியாக்குவன.

நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவர் ஒருவர், 2009இல் இடம்பெயர்ந்தோர் முகாமொன்றிற் குடிநீர் பங்கிடும் பொறுப்பில் இருந்தார். இயல்பில் மென்மையானவர், உரத்துப் பேசியும் அறியாதவர். சில மாதங்களின் பின் நம் இல்லத்துக்கு வந்தபோது அவர் கூறியது இது: 'சேர், தண்ணீர்த் தாங்கி வரும்போது ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்தால் இப்போது எனக்கு இரக்கம் வருவதில்லை, கோபந்தான் வருகிறது. நான் கெட்டவனாகிவிட்டேனா?' கெட்டவனாகவில்லை, களைத்துவிட்டான் என்பதே அதற்கு விடை. இரக்கமும் ஊற்றுப் போன்றதே. இறைத்துக்கொண்டேயிருந்து ஊறுவதற்கு நேரம் கொடாவிட்டால் அடியிற் சேறுதான் தெரியும். பின்னர் அவரை மீட்டது பெரிய மருத்துவமெதுவுமன்று. புதிதாய் வந்த மேற்பார்வையாளர் ஒருவர் மாலைதோறும் அரைமணி நேரம் பணியாளரையெல்லாம் இருத்தித் தேநீர் கொடுத்து, அன்றைய நாளைப் பற்றிப் பேச விட்டாராம். மாதத்தில் நான்கு நாள் கட்டாயமாக வீட்டுக்கும் அனுப்பினாராம். தேவைப்பட்டவரைத் தனியே உளவளத்துணையாளரிடமும் அனுப்பினாராம்.

உளவளத்துணை என்பது அறிவுரை கூறுவதன்று. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று முதுகிற் தட்டுவதுமன்று. பயிற்சி பெற்ற ஒருவர், சொன்னதை வெளியிற் சொல்லாத உறுதியோடு, பொறுமையாகச் செவிகொடுத்து, துயருற்றவர் தாமே தம் வழியைக் காணத் துணைநிற்பது. இப்பணிக்கு நம்மவரை நம் மொழியிலேயே பயிற்றும் முயற்சி யாழ்ப்பாணத்தில் நெடுநாளாக நடந்து வந்துள்ளது. சாந்திகம் போன்ற நிலையங்களும், பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்களும் இத்துறையில் ஆற்றிய பணி நன்றியோடு நினைக்கத்தக்கது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். 1983இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெஃப்ரி மிச்சல் என்பவர், தீயணைப்போர், அம்பியூலன்ஸ் பணியாளர் முதலியோருக்கென ஒரு முறையை வகுத்தார். கொடிய நிகழ்ச்சி நடந்தவுடன் அனைவரையும் ஒன்றாக இருத்தி, நடந்ததை விவரமாகச் சொல்ல வைப்பது அம்முறை. உலகெங்கும் நிறுவனங்கள் அதனை விரும்பி ஏற்றன. ஒரு நாளில் முடிந்துவிடும். கடமையும் தீர்ந்துவிடும் அன்றோ! ஆனாற் பின்வந்த ஆய்வுகள், அத்தகைய ஒரே அமர்வு பிற்கால மனவடுவைத் தடுப்பதாகக் காட்டவில்லை. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்திச் சொல்ல வைப்பது தீங்காகவும் முடியலாம் என்பது தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் அம்முறையைப் பரிந்துரைப்பதில்லை.

அதற்கு ஈடாக அந்நிறுவனம் முன்வைப்பது உளவியல் முதலுதவி. 2011இல் அது பிற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட கைநூல் மூன்று செயல்களைக் கூறுகின்றது: பார்த்தல், செவிமடுத்தல், இணைத்தல். ஒருவருக்கு ஆபத்துண்டா, உடனடித் தேவை யாது என்று பார்த்தல். அவர் பேச விரும்பினாற் செவிமடுத்தல், விரும்பாவிட்டாற் பக்கத்தில் இருத்தல். பின் உற்றாரோடும் உதவி தருவோரோடும் அவரை இணைத்தல். உதவி செய்பவர் தம்மையும் தம் தோழரையும் பேணவேண்டிய முறைக்கும் அக்கைநூல் இடம் ஒதுக்கியிருக்கின்றது.

நிறுவனங்கள் செய்யத்தக்கது யாது? நெதர்லாந்து நாட்டு அன்ராரெஸ் நிலையம் இதற்கென எட்டு நெறிகளை வகுத்துள்ளது. அவற்றின் சாரம், பணியாளரின் மனநலத்தை வேலைக்குச் சேர்க்குமுன் தொடங்கி, வேலை விட்டு நீங்கிய பின்னும் கவனிக்க வேண்டும் என்பதே. எதிர்ப்படப்போவது இன்னதென்று முன்கூட்டியே சொல்லிப் பயிற்றுதல்; வேலை நடக்கையிற் களைப்பின் அறிகுறிகளை மேலதிகாரி கவனித்தல்; இடருற்ற வேளையில் உடன் துணைநிற்றல்; ஒப்பந்தம் முடிந்து போகும்போது வெறுங்கையோடு அனுப்பாமை. இவற்றுட் பலவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது நேரமும், பணியாளரும் மனிதரே என்ற நினைவுமாம். ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூறுவோம். உளவளத்துணையை நாடியவருடைய பெயர் அலுவலகக் கோப்பில் ஏறலாகாது. ஏறுமென்று அஞ்சினால் எவரும் அக்கதவைத் தட்டார். அடுத்த ஒப்பந்தம் போய்விடுமே என்ற பயம் நோயை விட வலிது.

இனி, இதனைப் படிக்கும் இல்லத்தாருக்குச் சில சொற்கள். உங்கள் கணவரோ மகளோ தம்பியோ இப்பணியில் இருக்கலாம். கிராம அலுவலர், மருத்துவத் தாதி, குடும்பநலச் சேவையாளர் ஆகியோரும் அனர்த்த காலத்தில் இதே சுமையைச் சுமப்பவரே. வீடு திரும்பியவுடன் 'என்ன நடந்தது? எத்தனை பேர் செத்தார்கள்?' என்று கேட்டுத் துளைக்கவேண்டாம். குளிக்கச் சுடுநீரும், சூடான சோறும், குறைவில்லா உறக்கமும் முதலிற் கிடைக்கட்டும். அவராகப் பேசினால் இடைமறியாது கேளுங்கள். 'இதைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்' என்று மட்டும் சொல்லவேண்டாம். அதனை அவர் உங்களை விட நன்கறிவார்.

உறக்கமின்மை, அற்ப விடயத்துக்கும் சினம், பிள்ளைகளை நெருங்க விடாமை, மதுவை நாடுதல், வாழ்வே வீணென்ற பேச்சு ஆகியன சில நாட்களில் தணியாமல் வாரக்கணக்கில் நீடித்தால், வைத்தியரை நாடத் தாமதித்தல் கூடாது. சாக விரும்புவதாக ஒரு சொல் வந்தாலோ, வாரக்கணக்குப் பார்ப்பதும் தகாது. அன்றே உதவி தேடுக. மனநோய் வைத்தியரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குவோர் உண்டு. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகும்போது ஊரைக் கேட்டா போகிறோம்? நம் நாட்டின் தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உதவி வழங்குகின்றது.

நன்கொடை வழங்கும் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். 'நாங்கள் தந்த காசு முழுவதும் மக்களுக்கே போகவேண்டும். ஊழியருக்கு ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது' என்று நிபந்தனை விதிப்போர் உளர். அதன் நோக்கம் நன்றே, விளைவு நன்றன்று. ஓய்வுநாளையும் உளவளத்துணையையும் முதலில் வெட்டிவிடுவது அந்த நிபந்தனைதான். களைத்தவன் கையால் வழங்கப்படும் அரிசி குறையாது. அதனோடு சேரவேண்டிய இன்சொல் குறையும். வரிசையில் நிற்பவருக்கு அரிசியளவு அந்த இன்சொல்லும் வேண்டும்.

சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது நம் மூதாதையர் வாக்கு. நாளை மீண்டுமொரு வெள்ளம் வரும், புயலும் வரும். அன்று முன்னின்று ஓடிவரப்போகின்றவர்கள் இன்று நம் அயலிலேயே இருக்கின்றார்கள். போன முறை பட்ட காயம் ஆறியபின் அவர்கள் ஓடிவருகின்றார்களா, ஆறாமலே ஓடிவருகின்றார்களா என்பது நம் கையிலும் இருக்கின்றது. அடுத்த முறை அத்தகைய ஒருவரைச் சந்திக்கும்போது, 'எத்தனை குடும்பங்களுக்குக் கொடுத்தீர்கள்?' என்று கேட்குமுன், 'நீங்கள் சாப்பிட்டீர்களா?' என்று கேட்போமாக.