வேர்தான் முதலில் வரும்

நான்கு வயதுக் குழந்தையின் கையில் ஒரு தட்டைப்பயறையும் அதே அளவு கூழாங்கல்லையும் கொடுத்து, எதற்கு உயிர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுமே கல் என்று சொன்னாலும் சொல்லும். அதில் தவறில்லை. காய்ந்த பயறு அசையாது, வளராது, கடித்தால் பல்தான் வலிக்கும். அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஈரம். உயிர் அதற்குள் மிக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

விதைப் பாடத்தை இந்தச் சந்தேகத்திலிருந்தே தொடங்கலாம். மாலையில் இரண்டையும் ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். காலையில் கல் போட்டபடியே கிடக்கும். பயறு உப்பிப் பெருத்து, நகத்தால் கீறினாலே தோல் கழன்றுவிடும். தோலை உரித்து, பயறைக் குழந்தையே இரண்டாகப் பிளக்கட்டும். பச்சைப்பயறு சின்ன விரல்களுக்கு நழுவும்; மொச்சையும் தட்டைப்பயறும் வசதி. இரண்டு பருப்புகளுக்கு நடுவே, ஒரு ஓரத்தில், கூரான வேர்முனையும் மடித்து வைத்த குட்டி இலைகளும் தெரியும். செடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பருப்பு அதற்கான கட்டுச்சோறு.

இதை ஒட்டியே இன்னொரு சோதனை. முழுப் பச்சைப்பயறையும் உடைத்த பாசிப்பருப்பையும் தனித்தனி ஈரத்துணியில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் பயறு முளைவிடும், பருப்பு ஊறிப் புளிக்கும். உடைக்கும்போதே அந்தக் குட்டிச் செடி சிதைந்தோ உதிர்ந்தோ போய்விடுகிறது. சோறு மிஞ்சுகிறது, சாப்பிட ஆள் இல்லை. அங்கன்வாடியானாலும் வீடானாலும் சமையலறை டப்பாவே இதற்குப் போதும்.

அடுத்த கட்டத்தில்தான் பல பள்ளிகள் அவசரப்பட்டு மண்ணுக்குப் போய்விடுகின்றன. மண்ணில் ஊன்றினால் மிகச் சுவையான இரண்டு மூன்று நாட்கள் கண்ணுக்குத் தெரியாமலே கழிந்துவிடும். முளைப்பதை வரையச் சொன்னால் குழந்தைகள் இலையைத்தான் முதலில் வரைவார்கள்; மண்ணுக்கு மேலே தெரிவது அதுதானே. உண்மையில் முதலில் வருவது வேர். அதைக் காட்ட ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். உள்சுவரை ஒட்டிப் பருத்தித் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஊறிய பயறுகளைச் செருகி, அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றுங்கள். துணி ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். விதை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. முளைக்கும் விதை மூச்சுவிடும், காற்றில்லாவிட்டால் அழுகும். தண்ணீரைக் குவளையோடு கவிழ்க்கத் துடிக்கும் குழந்தைக்கு வாயால் சொல்வதைவிட, ஒரு தம்ளரை அதன் விருப்பப்படி நிரப்பவிட்டு, நாற்றம் வரும்வரை வைத்திருப்பது மேல்.

வேர் ஓர் அங்குலம் நீண்டதும் அடித்தண்ணீரை வடித்துவிட்டு, தம்ளரைப் படுக்கவைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் வேர்முனை வளைந்து மறுபடி கீழ்நோக்கிப் போயிருக்கும், தண்டு மேல்நோக்கி. வேர்முனையின் செல்களில் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ, அதுவே கீழ் என்று வேர் அறிகிறது. வேர்நுனிக்கு இந்த உணர்வு இருப்பதைச் சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து ஆராய்ந்து 1880-இல் நூலாக எழுதினார். மாவுமணிக் கதை குழந்தைக்கு இப்போது வேண்டாம். வேர் வளைந்ததைப் பார்த்தால் போதும்.

வெளிச்சத்தின் வேலையைக் காட்ட, ஒரு தம்ளரை அட்டைப்பெட்டியால் மூடி வையுங்கள். உள்ளே இருப்பது வெளிறி, மஞ்சளாய், மற்றதைவிட உயரமாய் வளரும். மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி பார்த்த குழந்தைக்கு அந்த நிறம் பழக்கமானது; அதையும் இருட்டறையில்தான் வளர்க்கிறார்கள்.

விதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. வெந்தயமும் பயறும் ஓரிரு நாளில் முளைக்கும். கொத்தமல்லிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மூன்று வயதின் ஆர்வம் தாங்காது. கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃபிரோபெல் தோட்டத்தில் குழந்தைக்கு ஒரு பாத்தி என்று ஒதுக்கினார். நம்மிடம் இடமில்லை, தம்ளருக்கு ஒரு பெயர் எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்று விதையாவது போடுங்கள். தன்னுடையது மட்டும் முளைக்காத குழந்தையைத் தேற்றுவது எளிதல்ல.

மருந்து தடவிய கடைவிதைப் பொட்டலமும், நஞ்சுள்ள ஆமணக்கும் குன்றிமணியும் வகுப்புக்குள்ளேயே வரக் கூடாது. பயறை மூக்கில் திணித்துக்கொள்ளும் வயது இது. அங்கே ஈரம் பட்டால் அது உப்பும், எடுப்பது கடினம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

பத்து நாளில் பருப்பு சுருங்கி உதிரும்போது கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது என்று பொருள். இப்போதுதான் மண் வேண்டும். வேர் துணியில் பின்னியிருந்தால் பிய்க்காமல் துணியோடு புதையுங்கள், பருத்தி மக்கிவிடும். மறுநாள் குழந்தை தோண்டிப் பார்க்கும். திட்டாதீர்கள், அதற்கென்றே தொட்டியில் ஒரு செடி கூடுதலாக நடுங்கள்.