ஜப்பானியரின் வாள் நூல்கள்

வாளேந்திப் போர் புரிந்தவன் எழுதிய நூல் வேறு. போர்க்களத்தையே காணாதவன் வீரத்தைப் புகழ்ந்து சொன்ன நூல் வேறு. இவ்விரண்டையும் பகுத்தறியாமல் படிப்பதனால் தனி மனிதனுக்கேயன்றி ஒரு தேசத்துக்கே பெருங்கேடு விளையக்கூடும். ஜப்பான் தேசத்துப் பழைய வாள் நூல்களும் அவற்றின் சரித்திரமும் இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நூல்களுள் மிகவும் பிரசித்தி பெற்றது மியமோட்டோ முஸாஷி இயற்றிய ‘ஐந்து வளைய நூல்’. 1643-ம் வருஷத்தில் ஹிகோ மாகாணத்துக் குகையொன்றில் அமர்ந்து இதை எழுதத் தொடங்கிய முஸாஷி, 1645-ல் தாம் காலமாவதற்குச் சிறிது முன்னர் தம் சிஷ்யரிடம் ஒப்படைத்தார். 13-ம் பிராயம் முதல் ஏறத்தாழ 29-ம் பிராயம் வரையில் அறுபதுக்கு மேற்பட்ட துவந்த யுத்தங்கள் புரிந்ததாகவும், ஒன்றிலேனும் தோற்றதில்லை என்றும் அவரே கூறுகிறார். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி என நூல் ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது. பௌத்தத்தின் வழியே அந்நாட்டை அடைந்த பஞ்ச பூதங்களே இவை.

இத்தகைய வீரர் சாவைப் பற்றி யாது சொல்லுகிறார்? சாவுக்குத் துணிதல் போர்வீரனுக்கு மட்டும் உரிய சிறப்பன்று. துறவியரும் பெண்டிரும் உழவரும் கடமையின் பொருட்டும் மானத்தின் பொருட்டும் உயிர்விடத் துணிகின்றனர். தான் மேற்கொண்ட வித்தையில் தேர்ந்து வெற்றி பெறுவதே வீரனுக்குரிய தனிச் சிறப்பென்பது அவர் துணிபு. கைக்கெட்டும் ஆயுதத்தைப் பயன்படுத்தாமலே மாள்வதை அவர் சிறிதும் விரும்பவில்லை.

படைத் தலைவனை அவர் தச்சர் தலைவனுக்கு ஒப்பிடுவது பொதுப்பணியில் ஈடுபட்டோர் யாவரும் சிந்திக்கத்தக்கது. கணுவற்ற நேரிய மரத்தை முகப்புத் தூணுக்கும், சிறு குறையுள்ளதை உட்புறத் தூணுக்கும், வலிமை குன்றினும் அழகு மிக்கதைக் கதவுக்கும் நல்ல தச்சன் வகுத்துக் கொள்கிறான். கோணல் மரமும் உறுதியுடையதாயின் அவனுக்குப் பயன்படும். ஆட்களின் தரமறிந்து வேலை தராத தலைவன் வீடு கட்டத் தெரியாத தச்சனேயாவான்.

முஸாஷியின் காலத்தவரான யாக்யூ முனெனோரி, டோக்குகாவா ஷோகன்களுக்கு வாள் வித்தை கற்பித்த ஆசிரியர். 1632-ல் அவர் எழுதிய நூல், ஆயுதங்கள் அமங்கலமானவை என்றும், தவிர்க்க முடியாத சமயத்திலேயே அவற்றை எடுக்கலாமென்றும் கூறுகிறது. ஒரு கொடியவனைக் களைந்து பலரை வாழ்விப்பதே வாளின் நியாயம் என்பது அவர் கொள்கை. வெறுங்கையால் வாளை எதிர்க்கும் வித்தைக்கும், பகைவனின் வாளைப் பறிப்பதன்று, தான் வெட்டுப்படாமல் இருப்பதே நோக்கம் என்கிறார்.

முனெனோரிக்கு அறிவுரை எழுதியவர் டாக்குவான் என்னும் ஜென் துறவி. தியானம் என்னும் நம் சொல்லே சீனத்தில் ‘சான்’ என்றும் ஜப்பானில் ‘ஜென்’ என்றும் திரிந்தது. பகைவனின் வாளிலோ தன் வாளிலோ மனம் தங்கி நின்றுவிட்டால் வீரன் கட்டுண்டவனாகிறான் என்கிறார் டாக்குவான். ஆயிரம் கைகளையுடைய அவலோகிதேசுவரரின் மனம் ஒரு கையில் நின்றுவிடின், எஞ்சிய கைகளெல்லாம் வீணாகும் என்பது அவர் காட்டும் உவமை.

நிற்க. நாட்டில் போர் ஓய்ந்து பல தலைமுறை சென்றபின் தோன்றியது ‘ஹாகாகுரே’ என்னும் நூல். இதன் கருத்துக்களைச் சொன்ன யமமோட்டோ ட்ஸுனெடோமோ, ஸாகா சமஸ்தானத்தில் எழுத்து வேலை பார்த்தவர். யுத்தம் ஒன்றையும் கண்டவரல்லர். 1700-ல் தம் பிரபு இறந்தபோது உடன் உயிர்விட விரும்பினார். சட்டம் அதைத் தடுத்தமையால் துறவு பூண்டார். பின்னர் அவர் சொல்லச் சொல்ல ஓர் இளைஞர் குறித்துக்கொண்டவை 1716-ல் பதினோரு பகுதிகளாக நிறைவெய்தின. கடமையைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் நல்லுரைகள் பல அதில் உண்டு. எனினும் வீர நெறி சாவிலே உள்ளது என்ற கூற்றே எங்கும் பரவிற்று. இவற்றைத் தீயிலிட்டுவிட வேண்டுமென்று அந்நூலிலேயே சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது.

அது தீயிலிடப்படவில்லை. 1930-களிலும் 1940-களிலும் ராணுவ வெறி கொண்டோர் அந்த ஒரு கூற்றையே பிடித்துக்கொண்டு இளைஞர்களுக்கு ஓதினர். 1944 அக்டோபர் முதல், வெடிகுண்டேந்திய விமானங்களோடு பகைவர் கப்பல்மீது மோதி மடியுமாறு வாலிபர்கள் அனுப்பப்பட்டனர். நூல் ஒன்றே இக்கேட்டை விளைத்ததெனக் கூறோம். ஆனால், போரை அறிந்த முஸாஷியும் முனெனோரியும் கற்பித்த நிதானம் புறக்கணிக்கப்பட்டு, போரையே காணாத ஒருவரின் நிறைவேறா ஆசை தேச தர்மமாக உயர்த்தப்பட்டது என்பதில் ஐயமில்லை.

வீரத்தைப் பற்றிய எந்நூலைக் கையிலெடுப்பினும் மூன்று வினாக்களை எழுப்புதல் நம் கடமையாகும். எழுதியவன் யார்? எந்நிலையில் எழுதினான்? இன்று அதை நம் கையில் கொடுப்பவன் எதன் பொருட்டுக் கொடுக்கிறான்? இவற்றுக்கு விடை காணாமல் பிறர் சொல்லுக்காக உயிரைக் கொடுப்பவன், முஸாஷி கூறியது போல், ஆயுதம் கைவசம் இருந்தும் எடுக்காமல் மாள்பவனாவான். அந்த ஆயுதம் அறிவே.